கீழே இறக்கி விடுங்கள்!

பனிக்காலத்துக் காட்டில் முதலில் விறைத்துப்போவது நடக்கிற பிள்ளை அல்ல. தூக்கிச் சுமக்கப்படுகிற பிள்ளை.

நம்பிக்கையில்லையா? தகப்பன் ஏற்றத்தில் நடக்கிறார். தொடை வேலை செய்கிறது, முதுகு வேலை செய்கிறது, உடம்பு சூடேறுகிறது. ஜக்கெற்றின் சிப்பைப் பாதிவரை இறக்கிவிட்டு, "இண்டைக்கு அவ்வளவு குளிர் இல்லை" என்கிறார். அவர் தோளில் இருக்கிற நாலு வயதுப் பிள்ளை அசையாமல் இருக்கிறது. கால்கள் காற்றில் தொங்குகின்றன. போதாததற்கு, எடையோடு ஒப்பிட்டால் சின்ன உடம்பின் தோல் பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம். உள்ளே இருக்கிற சூடு அந்த அளவுக்கு வேகமாக வெளியே போய்விடும். சற்று நேரத்தில் பிள்ளை அழுகிறது. "நான் அப்பவே சொன்னனான், பிள்ளைக்கு ஸ்னோ ஒத்துக்கொள்ளாது எண்டு" என்கிறார் தாய். எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். பழி குளிர்மேல் விழுகிறது. கொஞ்சம் பிள்ளைமேலும் விழுகிறது: "இவன் சரியான பூஞ்சை." தூக்கிய கைமேல் மட்டும் எந்தக் குற்றமும் இல்லை!

இறக்கி விடுங்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டியது காலுக்குக் கீழே நிலம். தன் காலால் ஏறட்டும், குதிக்கட்டும், பனிக்குவியலை உதைத்துச் சிதறடிக்கட்டும். எந்த ஹீற்றரும் கொடுக்காத சூடு அதன் உடம்புக்குள்ளிருந்தே கிளம்பும். "உன்னால முடியும் குஞ்சு" என்று ஆயிரம் தடவை காதில் ஓதியும் வராத நம்பிக்கை, ஒரு மேட்டைத் தானே ஏறி முடித்த கணத்தில் பிள்ளையின் முகத்தில் வந்து உட்காரும்.

நான் ஒஸ்லோவை வைத்துப் பேசுகிறேன். இந்த ஊரில் காட்டுக்குப் போவதற்கு மலையேறத் தெரிந்திருக்க வேண்டாம். ரயில் ரிக்கற் இருந்தால் போதும். ஐந்தாம் இலக்கச் சுரங்க ரயில் வடகிழக்கே வெஸ்ட்லியில் புறப்பட்டு, ஸ்தோவ்னர், ரொம்மன் என்று எங்கள் தமிழ்ச் சனம் குடியிருக்கிற பக்கங்களைத் தொட்டு, நகரின் நடுவுக்கு அடியால் நுழைந்து, கடைசியில் சொங்ஸ்வான் ஏரியில் வந்து நிற்கிறது. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஏரி. ஏரிக்கு அப்பால் நூர்மார்க்கா என்ற பெருங்காடு. ஏரியை ஒருமுறை சுற்றி வர 3.3 கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரை. நுழைவுச்சீட்டு கிடையாது, வாசற்காவலும் கிடையாது. காட்டிலும் மலையிலும் எவரும் நடக்கலாம் என்ற உரிமையை 1957 இல் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது இந்த நாடு. 2009 இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்து, ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டெல்லைக்குள் கட்டடங்கள் ஏறி வராமல் மறித்தும் விட்டது. நீங்கள் கட்டுகிற வரியில் காக்கப்படுகிற காடு அது. அதில் உங்கள் பிள்ளைக்குப் பங்குண்டு. பங்கை வாங்கப் போகாமல் கதிரையில் இருந்துகொண்டு, "இது வெள்ளைக்காரற்ரை வேலை" என்றால் அது யாருடைய நட்டம்?

அந்தப் பிள்ளைக்குப் பனி புதிதே இல்லை என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. திங்கள் தொடங்கி வெள்ளி வரை பார்னஹாகே என்கிற பாலர் பள்ளி அதை வெளியேதான் விடுகிறது. மழையென்றால் மழை உடுப்பு, பனியென்றால் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு. நோர்வேயில் கைக்குழந்தைகள்கூடத் தள்ளுவண்டிக்குள் கம்பளி சுற்றிக்கொண்டு வெளிக்குளிரில்தான் பகல் தூக்கம் போடுகின்றன. ஐந்து நாளும் பனிமேட்டில் உருண்டு, சறுக்கி, ஈரக் கையுறையோடு சிரித்துக்கொண்டு நின்ற பிள்ளையைச் சனிக்கிழமை நாங்கள் என்ன செய்கிறோம்? ஹீற்றரைக் கூட்டிவிட்டு, ஐபாட்டைக் கையில் கொடுத்து, "வெளியிலை போகாதை, தடிமன் பிடிக்கும்" என்கிறோம். பிள்ளைக்குக் குளிர் பழகிவிட்டது. பழகாதது எங்களுக்கு! எங்கள் பயத்துக்குப் பிள்ளையின் பெயரை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். தடிமனைத் தருவது கிருமி. யன்னலைப் பூட்டிக்கொண்டு ஐந்து பேர் ஒரே மூச்சைப் பங்குபோடுகிற அறை அதற்கு வாய்த்த இடம்.

பயம் முகத்தால் பரவும். 1985 இல் ஜேம்ஸ் சோர்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசையில் விட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி உறுதியானது. ஆனால் அதற்குக் கீழே நடுவில் ஒரு பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். குழந்தை பள்ளத்தின் விளிம்புவரை தவழ்ந்து வந்து தயங்கும். மறுபக்கம் நிற்கிற தாயை நிமிர்ந்து பார்க்கும். தாய் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்தார்கள். தாய் பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. ஒருவர்கூட! எந்தத் தாயும் "வராதே" என்று சொல்லவில்லை. முகம் சொன்னது போதுமாக இருந்தது.

இனி உங்கள் பிள்ளை பனியில் விழுகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சப்பாத்து சறுக்குகிறது, "தொம்" என்று இருந்தபடியே விழுகிறது. விழுந்த பிள்ளை உடனே அழுவதில்லை. கவனித்துப் பாருங்கள்: முதலில் அது உங்களைத் திரும்பிப் பார்க்கும். அழுவதா, எழும்புவதா என்று உங்கள் முகத்தில்தான் விடை தேடும். நீங்கள் "ஐயோ என்ரை பிள்ளை!" என்று கையை விரித்துக்கொண்டு ஓடினால் விடை கிடைத்துவிட்டது, அழுகை நிச்சயம். நின்ற இடத்தில் நின்றுகொண்டு, "ஆ, நல்ல இடமாப் பாத்து இருந்திட்டாய், எழும்பு ராசா" என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் யோசிக்கும். பிறகு முழங்காலை ஊன்றி, பின்பக்கத்தை முதலில் உயர்த்தி, கரடிக்குட்டியாட்டம் எழும்பி நிற்கும். அதைச் செய்து முடித்த பிள்ளைக்கு நீங்கள் கைதட்ட வேண்டிய தேவையே இல்லை. அதற்குத் தெரியும்.

ட்ரொண்ட்ஹைமில் பணியாற்றும் எல்லன் சான்ட்செத்தர் ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளின் துணிகர விளையாட்டைப் பற்றி ஆராய்கிறார். உயரம், வேகம், தனியே போய்ப் பார்த்தல் இவற்றையெல்லாம் விளையாட்டாகவே பழகுகிற பிள்ளையிடமிருந்து அவற்றைப் பற்றிய பயம் மெல்லக் கழன்றுபோகிறது என்று அவரும் லைஃப் கென்னயரும் 2011 இல் வாதிட்டார்கள். அந்த வாய்ப்பை மறித்தால் பயம் உள்ளேயே தங்கிவிடக்கூடும் என்பது அவர்களுடைய எச்சரிக்கை. நாற்றுமேடையில் வளர்ந்த பயிரைப் பிடுங்கிச் சேற்றில் நடாமல், மேடையிலேயே கதிர் தள்ளட்டும் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிற கமக்காரனை என்னவென்று சொல்வீர்கள்? நாங்கள் செய்வது அதுதான்.

எனக்குத் தெரியும், ஏன் தூக்குகிறோம் என்று. சும்மா செல்லம் என்று தள்ளிவிட முடியாத காரணம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30. போருக்குத் தப்பி, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் அடி வைக்க இடமில்லை. தென்மராட்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இலட்சக்கணக்கான சனம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அந்த இரவில் பிள்ளையை நிலத்தில் விட்டவர் பிள்ளையைத் தொலைத்தார். இடுப்பில் இறுக்கியவர் காப்பாற்றினார். அப்படி இடுப்பில் வந்த சின்னஞ்சிறுசுகள்தான் இன்றைக்கு ஒஸ்லோவில் அப்பாக்களும் அம்மாக்களும். தூக்குவது எங்கள் எலும்புக்குள் ஏறிப்போன பழக்கம். அதைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

ஆனால் கேட்கிறேன்: இப்போது உங்களை யார் துரத்துகிறார்கள்? பின்னாலே ஷெல் விழுகிறதா? ஒரு பெருநடையின் வாரிசு நீங்கள். தோளில் மூட்டையும் கையில் பிள்ளையும் பசித்த வயிறுமாக விடியவிடிய நடந்த இனம். அந்த இனத்தின் பேரப்பிள்ளை, பகல் வெளிச்சத்தில், கம்பளி உடுத்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு ஏரியைச் சுற்றி நடக்கக் கூடாதா? அன்றைக்குப் பயம் நடத்திய நடை. இன்றைக்குக் களிப்புக்காக நடக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள்!

இங்கே ஒரு எச்சரிக்கை. துணிவைப் பற்றி எழுதுகிறவர்கள் அடுத்த வரியில் "முன்வைத்த காலைப் பின்வைக்காதே" என்று முழங்குவார்கள். பனிக்காட்டில் அது சாவுக்கு வழி. 1967 ஈஸ்டர் விடுமுறையில் நோர்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒன்பது மலைவிதிகள் நாடு முழுக்கப் பரவின. எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பச் சொல்கிறது. திரும்புவதில் வெட்கம் இல்லை என்கிறது. 1937 இலிருந்து விற்கிற குவிக் லுன்ஷ் சொக்லேற்றின் உறைக்கு உட்புறம் இந்த விதிகளை 1967 முதல் அச்சடித்து வருகிறார்கள். சொக்லேற்றைத் தின்றுவிட்டு உறையை எறிகிற இடைவெளியில் ஒரு நாடே அதைப் படித்திருக்கிறது.

தென்துருவத்தை முதலில் தொட்ட ருவால் அமுண்ட்சனை எல்லோருக்கும் தெரியும். அவர் ஒருமுறை பாதியில் திரும்பியவர் என்பது பலருக்குத் தெரியாது. போட்டியாளர் ஸ்கொட் முந்திவிடுவாரோ என்ற அவசரத்தில் 1911 செப்ரெம்பர் 8 ஆம் திகதியே ஏழு பேரோடு கிளம்பிவிட்டார். வசந்தம் இன்னும் வரவில்லை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையையும் தாண்டியது. ஆட்களின் குதிகால்கள் விறைத்துப் புண்ணாகின. திரும்பினார். (திரும்பிய விதம் அழகானதல்ல, பின்தங்கியவர்களை விட்டுவிட்டு ஓடி வந்தீர் என்று குழுவில் ஒருவரான யால்மர் யோஹான்சன் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். பெரிய மனிதர்களும் மனிதர்கள்தான்.) ஒக்ரோபரில் மறுபடி புறப்பட்டார், இந்த முறை நால்வரோடு. டிசெம்பர் 14 இல் துருவத்தில் நின்றார். திரும்பத் தெரிந்ததால்தான் திரும்பவும் புறப்பட ஆள் மிஞ்சியிருந்தது.

ஆகவே பாதி வழியில் நின்று பிள்ளையின் பிடரியில், கழுத்துக்குப் பின்னால், உங்கள் வெறுங்கையை வையுங்கள். விரல்நுனி குளிர்ந்திருந்தால் கலங்க வேண்டாம். பிடரி குளிர்ந்திருந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெள்ளையாக ஒரு திட்டுத் தெரிந்தால் உள்ளங்கையை வைத்துச் சூடு கொடுங்கள்; தேய்க்க வேண்டாம். ஏரி உறைந்து வழவழவென்று கூப்பிடும். உறுதியான பனிக்கட்டி 10 சென்ரிமீற்றராவது தடித்திருந்தால்தான் ஆள் நடக்கலாம். தடிப்புத் தெரியாதென்றால் கரையிலேயே நடங்கள். திரும்பும்போது "நீ நடக்கேல்லை, அதுதான் திரும்பிறம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "இண்டைக்குக் காணும், மிச்சம் அடுத்த கிழமை" என்று சொல்லுங்கள்.

உடுப்பு விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தோலோடு கம்பளி. பருத்தி வேண்டாம்; வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடந்து உடம்பை விறைக்கவைக்கும். நடுவில் இன்னொரு கம்பளியோ பிளீசோ, மேலே காற்றும் ஈரமும் புகாத உடுப்பு. சப்பாத்து கம்பளிக் காலுறையோடு சற்றுத் தாராளமாக இருக்கட்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் சூடு நிற்காது. விரல்கள் தனித்தனியாகப் பிரிகிற கையுறையைவிட எல்லா விரலும் ஒன்றாகக் கிடக்கிற கையுறைதான் சின்னக் கைக்கு நல்லது.

அந்தக் கையுறையில்தான் ஒரு பெரும் போர் நடக்கும். என் தங்கையின் மகன் அதைப் போடுவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். இடதுகைக்குப் போட்டாயிற்று. வலதுகைக்குப் போட இடதுகை வேண்டும். அதுவோ ஏற்கனவே கையுறைக்குள் மொக்கையாகக் கிடக்கிறது. பல்லால் விளிம்பைக் கடித்து இழுக்கிறான். பெருவிரல் தன் அறையைத் தவறவிட்டு மற்ற நாலு விரல்களோடு போய் நெருங்குகிறது. கழற்றுகிறான். மறுபடி. தகப்பனுக்கு ரயில் போகிற அவசரம், கை துடிக்கிறது, இரண்டு விநாடியில் மாட்டிவிடலாம். மாட்டிவிடாதீர்கள்! ரயில் போகட்டும், அடுத்தது வரும். அவன் நாலாம் முறையோ ஐந்தாம் முறையோ பெருவிரலை அதன் இடத்தில் கொண்டுபோய்ச் செருகியபோது எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கையைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, பெருவிரலை மட்டும் மடக்கி நீட்டிப் பார்த்தான். அடுத்து கதவுக் கைப்பிடியில் போய்த் தொங்கினான், போவோம் என்று.

காட்டுக்குள் போனபிறகு உங்கள் வேலை குறைவு. பிள்ளையை முன்னே விடுங்கள். வேகத்தை அதுவே தீர்மானிக்கட்டும். "கெதியா நட" என்ற சொல்லை வீட்டிலேயே விட்டு வாருங்கள். பனியில் முயலின் தடம் கிடக்கும்: பெரிய தடம் இரண்டு பக்கம் பக்கமாக, சின்னத் தடம் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக. முயல் எந்தப் பக்கம் ஓடியது என்று கேளுங்கள். சின்னத் தடம் இருக்கிற பக்கம் என்றுதான் பெரியவர்களே சொல்வார்கள். பிழை! முயல் பாயும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே வந்து விழும். பெரிய தடம் இருக்கிற பக்கமே அது போன பக்கம். இதை ஒருமுறை கண்டுகொண்ட பிள்ளை அடுத்த முறை உங்களுக்குப் படிப்பிக்கும். அப்பாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற அந்த மிதப்பைக் காசு கொடுத்து எந்த ரியூசனில் வாங்குவீர்கள்?

நெருப்பு மூட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரைதான் காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்புக்குப் பொதுத்தடை. பனிக்காலம் நெருப்பின் காலம். நெருப்பு மூட்டுகிற இடம் பார்த்து மூட்டி, போகும்போது பனியை அள்ளிப் போட்டு அணைத்துவிட்டுப் போங்கள். கொண்டுபோன பேர்ச் விறகின் வெள்ளைப் பட்டையை உரித்தால் ஈரத்திலும் பற்றும். நிற்கிற மரத்தில் கை வைக்க வேண்டாம். சுள்ளி பொறுக்குவது பிள்ளையின் வேலை. நோர்வேக்காரர் பக்கத்தில் குச்சியில் சொசேஜ் சுடுவார்கள். நீங்கள் ரோல்ஸைச் சூடுகாட்டிச் சாப்பிடுங்கள், பிளாஸ்கிலிருந்து இஞ்சி போட்ட பிளேன்ரீயை ஊற்றிக் குடியுங்கள். யாரும் உங்களை விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் ஒரு ரோல்ஸ் நீட்டுங்கள், பேச்சு ஓய்ந்துவிடும்.

ஆட்கள் சொல்லத்தான் போகிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அம்மம்மா தொலைபேசியில் ஏசுவார்: "உங்களுக்கு விசரே, பச்சைப் பிள்ளையை ஸ்னோவுக்கை விட்டுக் கொல்லுறியளோ!" தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் ஒருவர், "ஞாயிறு கணக்கு வகுப்பு இல்லையோ?" என்று கேட்பார். அம்மம்மாவுக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும். அதன் குரலைக் கேட்டால் அவர் தணிந்துவிடுவார். கணக்கு வகுப்புக்காரருக்குப் பதிலே வேண்டாம். பாதி வழியில் சோர்ந்த பிள்ளை, "அப்பா கால் நோகுது" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அந்த வளைவுவரை நடந்து பார்ப்போம் என்று தன் மனத்தோடு தானே ஒரு பேரம் பேசும் பாருங்கள், அந்தப் பேரத்தை எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுப்பதில்லை. நாளைக்குச் சோதனை மண்டபத்திலும் வேலை கேட்டு நிற்கிற இடத்திலும் தோற்றுப்போய் வீடு வந்து படுத்த இரவிலும் பிள்ளை தனியே பேச வேண்டிய பேரம் அதுதான். அங்கேயெல்லாம் தூக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

வேலை, களைப்பு, வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு எல்லாம் எனக்கும் தெரியும். கிழமை முழுதும் நின்ற கால் ஞாயிறு நீட்டிப் படுக்கத்தான் கேட்கும். படுத்திருந்து எழும்பியவரின் களைப்பையும் காட்டில் நடந்து வந்தவரின் களைப்பையும் திங்கட்கிழமை காலையில் ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளையின் துணிவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், உண்மையில் துணிய வேண்டிய ஆள் நீங்கள். பிள்ளை எப்போதோ தயார்.

வரும் ஞாயிறு புறப்படுங்கள். டிசெம்பர் கடைசியில் ஒஸ்லோவுக்குக் கிடைக்கிற பகல் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று மணி கடந்து சிறிது நேரத்தில் சூரியன் இறங்கிவிடும். பத்து மணிக்கெல்லாம் ரயிலில் இருங்கள். ஏரியை முழுதாகச் சுற்ற முடியாவிட்டால் பாதி, பாதியும் இல்லையென்றால் முதல் வளைவு. பிள்ளைக்கென்று ஒரு சின்னப் பை கொடுங்கள், அதைப் பிள்ளையே தூக்கட்டும்: உலர்ந்த கையுறை ஒரு சோடி, தண்ணீர்ப் போத்தல், இருக்கும்போது பனி ஏறாமல் கீழே போட ஒரு பாய்த்துண்டு, இரண்டு ரோல்ஸ். சொக்லேற்று மட்டும் உங்கள் பைக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே தீர்ந்துவிடும்.